கடல்நீர்த் தொட்டியும் அதன் குடிகளும்



கொழும்புத் துறைமுகத்தை அடுத்துள்ள கொச்சிக்கடையை அறியாதார் நம்மிடையே அரியர். கொச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் கடை அங்கிருந்தமையால் அவ்விடம் அப்பெயர் பெற்றது என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. அங்குள்ள திருத்தலம் அந்தோனியாருக்கு உரியது. செவ்வாய்க்கிழமைகளில் சமய வேறுபாடு கருதாது மக்கள் அங்கே திரள்வர். அந்த அந்தோனியாரைப் பற்றி இத்தாலி நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. இரிமினி என்னும் கடற்கரைப் பட்டினத்து மாந்தர் அவருடைய சொல்லுக்குச் செவிசாய்க்க மறுத்தனர். அவரோ கடலோரத்தில் நின்று மீன்களை விளித்துப் பேசினாராம். மீன்கள் கூட்டங்கூட்டமாக வந்து, சிறியன முன்னும், நடுத்தரமானவை அவற்றின் பின்னும், பெரியன ஆழத்திலுமாக அணிவகுத்து, ஒன்றையொன்று வருத்தாமல் நின்று கேட்டனவாம்.

மீன்கள் செவிமடுத்தமை மட்டுமா இக்கதையின் அற்புதம்? பெரிய மீனின் வாய்க்கு முன்னே சிறிய மீன் அச்சமின்றி நின்றதே, அதுவும் அற்புதந்தான். கடலை அறிந்தவர்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய அற்புதத்தை எதிர்பார்க்கலாகாத ஓரிடத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். வீட்டுக் கூடத்தில் அழகுக்காக வைக்கப்படும் சிறிய கடல்நீர்த் தொட்டியே அவ்விடம். அதனுள் எந்த உயிரை எந்த உயிரோடு சேர்த்து வைக்கலாம்? பார்வைக்குச் சிறு வினாவாகவே தோன்றும். ஆயினும் அதற்கு விடை காண மனிதருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அவ்விடையில் நம் இலங்கைக் கடற்கரைக்கும் ஒரு பங்குண்டு. அதன் பொருட்டு நம் கடற்கரை செலுத்திய விலையும் உண்டு.

கடலுயிரைக் கண்ணாடிக்குள் வைத்து நோக்கியவர்களுள் முன்னோடியாக விளங்கியவர் ஒரு பெண்மணி. பிரான்சு நாட்டவரான ஜீன் வில்பிரூ பவர் என்பவர், 1830களில் சிசிலித் தீவின் மெசினா நகரில் கண்ணாடித் தொட்டிகள் அமைத்து, மெல்லிய வெண்ணிற ஓட்டைச் சுமந்து திரியும் ஒருவகைப் பேய்க்கணவாயை வளர்த்தார். அவ்வோடு பிற உயிரிடம் பறித்ததன்று, அவ்வுயிர் தானே ஆக்கிக்கொள்வது என்பதை அவர் கண்ணாரக் கண்டு நிறுவினார். அவருக்குப் பின், 1846இல் இங்கிலாந்தில் அன்னா தின் என்ற சீமாட்டி, கடற்கரையிலிருந்து முருகைக்கல் உயிர்களை இலண்டன் வீட்டுக்குக் கொண்டுவந்தார். நீர் கெட்டுப்போகாதிருக்க, அதனை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு ஊற்றி ஊற்றிக் காற்றூட்டினர். அவ்வேலை வீட்டுப் பணிப்பெண்ணின் கையில் விழுந்தது. பின்னர் கடற்பாசியையும் உடன்வைத்தபோது அவ்வேலை குறைந்தது.

பாசி இருந்தால் நீர் ஏன் நலமாயிருக்கிறது என்பதை இரசாயன அறிஞரான றொபேட் வாரிங்டன் ஆராய்ந்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்டது நன்னீர். 1849, 1850ஆம் ஆண்டுகளில், ஒரு தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் நீர்ச்செடி ஒன்றையும் வைத்தார். மீன் வெளிவிடும் காபனீரொட்சைட்டைச் செடி ஏற்றது. செடி வெளிவிடும் ஒட்சிசனை மீன் ஏற்றது. எல்லாம் நன்றாகவே நடந்தது, செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கும்வரை. அழுகிய இலை நீரைக் கலக்கியது. அப்போது வாரிங்டன் குளத்து நத்தைகள் சிலவற்றை உள்ளே விட்டார். நத்தைகள் அழுகலைத் தின்றன. நீர் மீண்டும் தெளிந்தது.

அந்தத் தொட்டியில் நத்தையை அழகுக்காக எவரும் வைக்கவில்லை. செய்வதற்கு ஒரு தொழில் இருந்ததனாலேயே அது இடம்பெற்றது. ஓருயிர் மற்றோருயிருக்குப் பொருந்துமா என்பதைக் காட்டுவது அதன் நிறமோ வடிவமோ அன்று. அது என்ன தின்னும், எதனை வெளிவிடும், எங்கே ஒதுங்கும் என்பனவே என்ற நல்லறிவின் விதை அங்கேதான் விழுந்தது.

இதனைக் கடல்நீருக்குப் பொருத்தி மக்களிடையே பரப்பியவர் பிலிப் ஹென்றி கொஸ். 1853இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. 1854இல் கொஸ் எழுதிய நூல் அக்குவாரியம் என்ற சொல்லை நிலைபெறச் செய்தது. அடுத்த ஆண்டே, தொட்டி அமைத்தல், உயிர்களை நிரப்புதல், பேணுதல் என்பவற்றைக் கூறும் கைந்நூல் ஒன்றையும் அவர் வெளியிட்டார். இங்கிலாந்தின் நடுத்தர வீடுகளிலெல்லாம் கடல்நீர்த் தொட்டி ஒரு மோகமாகப் பரவிற்று. வில்லியம் அல்போட் லொயிட் என்பவர் இலண்டனில் கடலுயிர் விற்கவே கடை நடத்தினார்.

அதன் பயன் என்னாயிற்று? கொஸ் அவர்களின் மகன் எட்மண்ட் 1907இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அதனை வருந்தி எழுதினார். தந்தையாரின் நூல்களைப் படித்தவர்கள் கூடைகளோடு கடற்கரைக்குப் படையெடுத்தனர். பல்லாயிரம் ஆண்டு தீண்டப்படாதிருந்த பாறைக்குழிகள் வெறுமையாயின. கடலை நேசிக்கக் கற்பித்த நூலே கடற்கரையைச் சூறையாட வழிகாட்டிற்று என்பது அவர் கண்ட துயரம். இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நம் கரையிலும் இதனை ஒத்த கதை உண்டு.

ஆங்கிலேயரின் மோகம் விரைவில் தணிந்தது. ஆனால் அறிவு வளர்ந்தது. லொயிட் பின்னர் பெரிய காட்சிச்சாலைகளை அமைப்பதில் வல்லுநரானார். உயிர்கள் வாழும் தொட்டி சிறிதாகவும், இருளில் தேங்கும் நீர்க்கிடங்கு பெரிதாகவும் இருந்து, நீர் இடையறாது சுழலவேண்டும் என்பது அவர் கொள்கை. ஹம்பேர்க்கிலும் இலண்டன் பளிங்கு மாளிகையிலும் அவர் அவ்வாறே அமைத்தார். நம் அயலிலும், எட்கார் தர்ஸ்டன் என்ற அருங்காட்சியக அறிஞரின் முயற்சியால், சென்னை மெரினாக் கரையில் 1909இல் ஒரு கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது மூடப்படும்வரை, தமிழ் மக்கள் பலர் கடலின் உள்ளழகைக் கண்டது அங்கேதான்.

நீர் சுழன்றால் ஏன் தூய்மையாகிறது என்பதற்கு விடை 1890ஆம் ஆண்டளவில் கிடைத்தது. உருசிய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி, மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுவதை நிறுவினார். மீனின் கழிவில் அமோனியா உண்டு. அது மீனுக்கே நஞ்சு. மணலிலும் கல்லிலும் படியும் பற்றீரியாக்களே அந்நஞ்சை மாற்றுகின்றன. ஆகவே தொட்டியின் முதற்குடிகள் மீன்களல்ல, கண்ணுக்குப் புலனாகாத இவ்வுயிர்களே. இவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமைகள் வேண்டும். தொட்டியை வாங்கிய அன்றே மீனையும் வாங்குவோர், குடியேறுமுன் குடிநீர்க் கிணறு தோண்டாதவரைப் போன்றவர். யாகர்த்தா நகரின் லீ சின் எங் என்பவர் 1961இல் வெளியிட்ட முறையும் இவ்வுண்மையைத் துணையாகக் கொண்டது. உயிர்கள் பற்றிய கற்களைக் கடலிலிருந்து அப்படியே எடுத்துத் தொட்டியில் வைத்து, காற்றுக்குமிழி மட்டும் விட்டு, முருகைக்கல்லையும் மீனையும் அவர் வாழவைத்தார்.

இனி நம் நாட்டின் பங்கைப் பார்ப்போம். இலங்கையில் அரச பணிபுரிந்த ஜோன் விட்சேர்ச் பெனெற் என்பவர், நம் கரையோர மீன்களைப் பற்றி வண்ணப்படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். 1830இல் நிறைவுற்ற அந்நூலில், மஞ்சளும் கருமையுமான உடலில் வெண்பட்டைகள் பூண்ட சிறுமீன் ஒன்று விபரிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் தொட்டிகளில் நீந்தும் கிளார்க் கோமாளி மீன் அதுவே. நம் கடலில் பிடிபட்ட மீனைக் கொண்டே அவ்வினத்துக்கு அறிவியற் பெயர் அமைந்தது.

கோமாளி மீன், கடற்சாமந்தி எனப்படும் உயிரின் கொட்டும் விரல்களிடையே வாழ்வது. பிற மீன்கள் தொட்டால் இறக்கும் அவ்விரல்கள் இதனைத் தாக்குவதில்லை. இவ்வுறவை 1868இல் கதபேர்ட் கொலிங்வுட் என்ற ஆங்கில மருத்துவர் சீனக் கடற்பக்கத்தில் கண்டு எழுதினார். 1977இல் மற்றுமொரு வியப்பு வெளிப்பட்டது. கோமாளி மீன்கள் யாவும் முதலில் ஆணே. கூட்டத்தில் தலைமை பெறுவது பெண்ணாக மாறுகிறது. ஆகவே இரண்டு இளமீன்களை ஒருங்கே விட்டால், பெரியது பெண்ணாகி, இரண்டும் இணையாகும். வளர்ந்த இரு பெண்மீன்களை ஒரு சிறு தொட்டியில் விட்டாலோ ஒன்று மற்றதைக் கொல்லும்வரை அமைதி இராது. ஒரே இனம் என்பதால் ஒற்றுமை இருக்கும் என்று எண்ணுவது தவறு என்பதற்கு இது நல்ல சான்று. பல மீன்களுக்குக் கடும் பகை தம் இனத்தோடுதான். ஒரே இரையும் ஒரே வளையும் வேண்டுவோர் அவர்களே அல்லரோ?

எவ்வுயிர் எதற்கு ஊறு செய்யும் என்பதனை நம் முத்துக்குளிப்போர் தம் தொழிலால் அறிந்திருந்தனர். 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்னல் என்பவரோடு மன்னார் முத்துச்சிப்பிப் பார்களை ஆராய வந்தார். சிப்பிகள் திடீரென மறைவது ஏன் என்பதே வினா. காரணங்கள் பலவற்றுள், கிளாத்தி மீனும் திருக்கையும் சிப்பிகளை உடைத்துத் தின்பதும் ஒன்றென அவ்வாராய்ச்சி பதிந்தது. பரந்த கடலிலேயே பார் ஒன்றை அழிக்கத் துணைபோகும் கிளாத்தியை, இரண்டு முழத் தொட்டியில் நண்டுக்கும் நத்தைக்கும் அயலாக வைத்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அழகு மீன்களைப் பிறநாட்டுக்கு அனுப்பும் வாணிகம் உலகிலேயே முதன்முதல் தோன்றிய இடங்களுள் இலங்கையும் ஒன்று. 1930களில் மிகச் சிறிய அளவில் இங்கே அது தொடங்கியது. 1950களிலிருந்து ஹவாயிலும் பிலிப்பைன்சிலும் பிற இடங்களிலும் அது பரவிற்று. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க் இலங்கையில் குடியேறினார். அவரும் மைக் வில்சனும் கடலடியை ஆராய்ந்தபோது உடன் சென்றவர் நம் நாட்டு விலங்கியலாளர் றொட்னி ஜொங்க்ளாஸ். தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையில் பணிபுரிந்த அவர், நம் முருகைக்கற் பார்களைத் தம் வீட்டு முற்றம்போல் அறிந்தவர். அயன மண்டலக் கடலுயிர்களைச் சேகரிக்கும் முறைபற்றி 1975இல் அவர் ஒரு நூலும் வெளியிட்டார்.

சேகரித்தோர் அனைவரும் ஜொங்க்ளாஸ் அல்லர். மொக்ஸி என்னும் வலையை முருகைக்கல் மேல் போர்த்து, மீனை வெளியேற்றக் கடப்பாரையால் கல்லை உடைப்போரும் இருந்தனர். ஒரு மீனுக்காக அது குடியிருந்த வீடே நொறுங்கிற்று. வாங்குவோர் கேட்டதெல்லாம் நிறம். பிடிப்போர் தேடியதும் நிறமே. இதனால் நேர்ந்த கேட்டை இரண்டு எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது வண்ணாத்தி மீன். அதன் இனங்களுள் சில, உயிருள்ள முருகைக்கல்லின் நுண்ணுயிர்களையன்றி வேறெதனையும் தின்னா. கடையில் அது பொன்வண்ணமாக ஒளிரும். வீட்டுத் தொட்டியில் இறாற் பொடியையும் புழுவையும் ஏறெடுத்தும் பாராது, சில கிழமைகளில் மெலிந்து இறக்கும். இரண்டாவது வைத்திய மீன் எனத்தக்க நீலக்கோட்டுச் சிறுமீன். பெரிய மீன்களின் உடலிலும் செவுளிலும் ஒட்டிய ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைப்பது அது. கலவாயும் அஞ்சாலையும் வாய் திறந்து அதற்கு இடங்கொடுக்கும். மூன்று மீன்கள் மட்டுமே உள்ள சிறு தொட்டியில் அவ்வைத்தியருக்கு நோயாளர் ஏது? அதுவும் பெரும்பாலும் பட்டினியாலேயே மடியும். இவ்விரண்டும் எவரோடும் சண்டையிடுவன அல்ல. ஆயினும் சிறு தொட்டிக்குப் பொருந்தாதவை. பொருத்தம் என்பது பகையின்மை மட்டுமன்று. பிழைப்பதற்கு வழியிருப்பதும் சேர்ந்ததே பொருத்தம்.

இங்கேதான் தொட்டிக்கும் கடலுக்குமுள்ள தொடர்பு வெளிப்படுகிறது. பட்டினியால் மடிந்த மீனுக்குப் பதிலாக உடையவர் இன்னொன்றை வாங்குவார். அது வருவதும் அதே பாரிலிருந்துதான். நன்னீர் அழகுமீன்களில் மிகப்பெரும் பகுதி பண்ணைகளில் வளர்க்கப்படுவன. கடல்மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்தே பிடிக்கப்படுவன. 2003இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட கடல்மீன்கள், 1,471 இனங்களைச் சேர்ந்தவை, உலகில் விற்பனையாயின. அவற்றுள் தவறாகத் தேர்ந்தவை எத்தனையோ, அத்தனை மீன்களும் பாரிலிருந்து வீணே பறிக்கப்பட்டவை.

அங்ஙனமாயின், நூறு இலீற்றர் அல்லது சற்றுக் கூடுதலாகக் கொள்ளும் தொட்டிக்கு ஏற்ற குடிகள் யாவை? மேற்சொன்ன வரலாறே விடை தருகிறது. பற்றீரியாக்கள் நிலைபெற்றபின், வாரிங்டனின் நத்தையைப் பின்பற்றி முதலில் தொழிலாளரைக் குடியேற்ற வேண்டும். பாசி மேயும் சிறு நத்தைகள், எச்சில் பொறுக்கும் சிறிய துறவி நண்டு ஒன்றிரண்டு போதும். துறவி நண்டு வளரும்போது ஓடு மாற்றுவது. வெறுஞ்சங்குகள் சில கிடக்காவிடின், துறவை மறந்து நத்தையைக் கொன்று அதன் ஓட்டைக் கவரும்.

அடுத்து, மணலில் வாழும் சிறிய உழுவை மீன். அதனோடு, வளை தோண்டும் இறால் ஒன்று கூடிவாழும். இறாலுக்குக் கண்பார்வை மந்தம்; அது மண் வாரும்போது தன் உணர்கொம்பை மீனின் உடலிற் படவைத்தபடியே இருக்கும். மீன் வாலை அசைத்தால் ஆபத்து. இரண்டும் வளைக்குள் பாயும். ஒன்று காவல், ஒன்று கொத்துவேலை. இதனினும் சிறந்த அயலுறவை எங்கே காணலாம்?

இறுதியாகக் கோமாளி மீன் இணை ஒன்று. பண்ணையில் பொரித்து வளர்த்த குஞ்சுகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றையே தேர்தல் நன்று. கடற்சாமந்தி இன்றியும் அவை தொட்டியில் நலமாக வாழும். சாமந்திக்கோ மிகுந்த ஒளியும் மாறாத நீரும் வேண்டும். சிறு தொட்டியில் அது இடம்பெயர்ந்து பிறவற்றைக் கொட்டும். வரிசையும் முக்கியம்: சாதுவானவை முன்னே, இடத்துக்குச் சண்டையிடுவன பின்னே. முந்தி வந்தது தொட்டி முழுவதையும் தன் காணியாகக் கொண்டுவிடும். கோமாளியும் அதன் உறவினரான நீலச் சிறுமீன்களும் அவ்வியல்புடையன.

விலக்க வேண்டியவற்றை அறிவதும் எளிது. சிங்கமீனும் கலவாயும் அஞ்சாலையும் தம் வாய்க்குள் அடங்குவதனைத்தையும் இரையாகவே கொள்ளும். பேத்தையும் கிளாத்தியும் ஓடுடையவற்றை உடைக்கும். கடற்குதிரை எவரையும் வருத்தாது. ஆனால் மெல்ல மெல்ல உண்ணும் அது, விரைந்துண்ணும் மீன்களிடையே பசித்தே கிடக்கும். அதனைத் தனியே வளர்ப்பதன்றி வேறு வழியில்லை. அதன் வாணிகமும் 2004 முதல் பன்னாட்டு உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் உள்ளது.

கொச்சிக்கடைப் பக்கத்து நேயர்களுக்கு நீரைப் பற்றியும் ஒரு சொல். கடல் அருகில்தானே, வாளியோடு சென்றால் நீர் கிடைக்குமே எனலாம். ஆனால் வடக்கே முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு கலக்கிறது. சோளகக் காலத்து மழையில் ஆற்றுநீர் கரையோரக் கடலின் உப்பைத் தளர்த்திவிடும். துறைமுகத்து எண்ணெய்க் கசடும் நீரில் கலந்திருக்கும். கடல்நீர் ஓர் இலீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கொண்டது. அவ்வளவு மாறாதிருப்பதே உயிர்களுக்கு வேண்டுவது. மேலும், நம் வெயிலில் தொட்டிநீர் ஆவியாகும்போது நீர் மட்டுமே போகும், உப்பு எஞ்சும். ஆகையால் குறைந்த அளவை ஈடுசெய்ய நன்னீரே ஊற்றவேண்டும். கடல்நீர் ஊற்றினால் உப்பு நாளுக்கு நாள் ஏறும்.

நம் நாடு காலந்தாழ்த்தியேனும் பாடங் கற்றது. 1979இல் இக்கடுவைக் கடற்பகுதி காப்பிடமாக்கப்பட்டது. 1996ஆம் ஆண்டின் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் மொக்ஸி வலை தடைசெய்யப்பட்டது. 1998இன் விதிகள் சில இன மீன்களின் ஏற்றுமதியைத் தடுத்தன. வேறு சிலவற்றை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்தின. அதே ஆண்டில் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுற்றது. மேற்கிலும் தெற்கிலும் ஆழங்குறைந்த பார்களின் முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. திருகோணமலையின் புறாத்தீவு அவ்வாண்டில் தப்பியது. 2003இல் அது தேசிய பூங்காவாயிற்று. வெப்பத்தைத் தடுக்கச் சட்டத்தால் இயலாது. ஆனால் வெப்பத்தால் நலிந்த பாரிலிருந்து வீணே மீன் பறிக்கப்படாமற் காக்க இயலும். அக்காவலில் தொட்டி வைத்திருப்பவருக்கும் பங்குண்டு.

ஆகவே மீன் விற்கும் கடைக்குச் செல்வோர், நிறத்தை நோக்குமுன் மூன்று வினாக்களை வினவட்டும். இது என்ன உண்ணும்? முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும்? கடலில் இதன் அயலவர் யாவர்? இம்மூன்றுக்கும் கடைக்காரர் விடை கூறாவிடின், அம்மீனை அங்கேயே விட்டு வருவது நன்று. தொட்டியில் ஓரிடம் வெறுமையாயிருப்பதால் எவருக்கும் நட்டமில்லை. பாரில் வெறுமையான இடம் நிரம்புவதற்கோ ஆண்டுகள் பல வேண்டும்.